தொடாமல் விற்ற செம்மறித்தோல் சப்பாத்து

சப்பாத்துக் கடைகளில் தொழில் பழகத் தொடங்கியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சுவிசில், பேர்ணில் மட்டும் அரை டசின் பேர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஷாஃப்ஹவுசனிலும் ஒரு பிள்ளை இருக்கிறாளாம். டொக்டர், எஞ்சினியர் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்த அம்மா அப்பாவிடம் போய் நீங்கள் சப்பாத்து என்று சொல்லியிருப்பீர்கள். அந்த வீட்டுச் சண்டைக்குள் நான் வரவில்லை. தோலின் வகைகள், பசை, கணினியில் இருப்புப் பார்ப்பது எல்லாம் உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். முப்பத்தொரு வருடம் கடையில் நின்று ஓய்வு பெற்றவனிடம் அதற்குமேல் இருப்பது அவன் செய்த பிழைகள்தான். ஒன்றைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் அகதி விண்ணப்பக்காரன். எங்களுக்குக் கிடைக்கும் வேலை சமையலறை வேலை. எனக்கும் அதுதான் கிடைத்தது, ஆனால் கோப்பைகளை உடைத்தேன். பிறகு பழைய நகரத்தில் ஒரு சப்பாத்துக் கடையின் நிலவறையில் பெட்டி அடுக்கும் வேலை வந்தது. பெட்டிகள் விழுந்தாலும் உடையாது என்பதால் நிலைத்தேன். ஒரு பனிமாரியில் விற்பனைக்கு நின்ற பெண் இடுப்பை முறித்துக்கொண்டு படுத்துவிட, முதலாளியம்மா என்னை மேலே கூப்பிட்டு ஒரு சப்பாத்துக் கரண்டியைக் கையில் தந்தார். என் ஜெர்மன் அப்போது அறுபது சொற்கள். அதில் இருபது எண்கள்.

முதலாளியம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. கை வைக்காமல் ஒரு சோடியும் விற்கக் கூடாது. குதிகால், மேற்பாதம், அகலமான இடம், விரல் நுனி. வாடிக்கையாளர் மேயராக இருந்தாலும் மடியில் காலை எடுத்து வைத்து, நாலு இடத்திலும் கையால் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். இலக்கம் என்ன என்று கேட்டால் எல்லாரும் இருபது வயதில் போட்ட இலக்கத்தைத்தான் சொல்லுவார்கள் என்பார். அவர் யாரையும் நம்பியதில்லை. தன் கணவரின் காலையும் ஒவ்வொரு வருடமும் அளந்தார்.

இனிச் செம்மறித்தோல் சப்பாத்து. இன்றைக்கு அதை எல்லாக் கடையிலும் காண்கிறீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் ஓய்வூதியக்காரர் வரை போடுகிறார்கள். அன்று அது என்னவென்றே இங்கே பலருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் இருந்து ஒரு முகவர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். செம்மறி மயிர் வெட்டும் தொழிலாளர்கள் ஆட்டுத்தோலைக் காலில் சுற்றிக் கட்டியதில் தொடங்கியது என்றார். அடுத்த மாதம் வந்த இன்னொருவர், அது பொய், கடலில் பலகையில் அலை ஏறுகிறவர்கள் குளிர்த் தண்ணீரில் இருந்து வந்து ஈரக்காலோடு போடுவதற்காகச் செய்தது என்றார். மூன்றாமவர் பழைய யுத்த விமானிகளைச் சொன்னார். மூன்று பேரும் ஒரே சப்பாத்தைத்தான் விற்றார்கள். ஆட்டின் தோலை எடுத்து மயிர் உள்ளுக்குப் போகத் தைத்தால் கால் சூடாக இருக்கும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய மூளை தேவையில்லை என்று முதலாளியம்மா சொன்னார். ஆனாலும் இருபது சோடி எடுத்தார்.

முதல் மாரியில் பத்தொன்பது சோடி அப்படியே இருந்தது. வீட்டுக்குள் போடும் செருப்போடு அதை வைத்திருந்தோம், ஆட்கள் தூக்கிப் பார்த்துவிட்டு, நோயாளிக்கோ என்று கேட்டார்கள். விற்ற ஒரு சோடியை வாங்கியவர் மலைப்பக்கத்தில் பனிச்சறுக்குப் பழக்கும் ஒருவர். நாள் முழுக்க இரும்புபோல் இறுகிய சறுக்குச் சப்பாத்துக்குள் கால் இருந்தால், பின்னேரம் எதைப் போட்டாலும் சொர்க்கம். அடுத்த மாரி தொடங்கியதும் அவருடைய கூட்டாளிகள் ஏழு பேர் வந்தார்கள். அவர்களிடம் சறுக்கப் பழகிய பணக்கார வீட்டுப் பெண்கள் அதற்குப் பிறகு வந்தார்கள். அந்தப் பெண்களோடு படித்த பிள்ளைகள் வந்தார்கள். இரண்டாவது மாரியில் செருப்புத் தட்டில் இருந்து எடுத்து யன்னலில் வைத்தோம். மூன்றாவது மாரியில் மார்கழி பிறக்க முன்னமே முடிந்துபோய்த் திரும்ப எடுத்தோம். சப்பாத்து மாறவில்லை, தட்டுத்தான் மாறியது.

அதை விற்பதற்கு இரண்டு விசயம் தெரிந்தால் போதும். ஒன்று, காலுறை இல்லாமல் வெறுங்காலோடு போட வேண்டும். இரண்டு, போடப் போட மயிர் அமுங்கித் தோல் இளகும், ஆகவே ஒரு இலக்கம் குறைத்துக் கொடுக்க வேண்டும். இறுக்குதோ என்று கேட்பேன், கொஞ்சம் என்பார்கள், நல்லது என்பேன். நோகுதோ என்று கேட்பேன். நோகுது என்றால் ஒரு இலக்கம் கூட்டுவேன். இதில் பிழை ஏதும் இல்லை. இன்றும் இப்படித்தான் விற்கிறீர்கள்.

அந்த மூன்றாவது மாரியில் எங்கள் ஆட்களும் வரத் தொடங்கினார்கள். சமையலறைகளில் பத்து மணித்தியாலம் நிற்கிறவர்கள், தேவாலயங்களில் சேர்த்துக் கொடுத்த பழஞ்சப்பாத்தோடு உறைபனியில் நகர எல்லையில் இருக்கும் பூம்ப்ளிஸ் வரை நடக்கிறவர்கள். எங்கட பெடியன் ஒருவன் கடையில் நிற்கிறான் என்று வந்தார்கள். அவர்களுக்கு நான் சட்டத்தை மீறினேன். கை வைக்கவில்லை. பெட்டியை எடுத்துக் கொடுத்து, அங்காலே தட்டுக்குப் பின்னாலே இருந்து போட்டுப் பாருங்கோ என்று மரியாதையாக விட்டேன்.

ஏன் என்று உங்களுக்கு விளங்காமல் இருக்கலாம், ஆகவே பூசி மெழுகாமல் சொல்கிறேன். எங்கள் ஊரில் தோலும் செருப்பும் யாருடைய வேலை என்று சாதி ஒரு ஒழுங்கு வைத்திருந்தது. என் வீடு அந்த ஒழுங்கின் மேல்பக்கத்தில் இருந்தது. வெள்ளைக்காரியின் காலை மடியில் வைத்திருப்பது சம்பளத்துக்கு. ஊர்க்காரனின் காலை வைத்திருந்தால் அது ஊருக்குப் போகும் செய்தி. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் நான் ஒரு கம்பனியின் ஸ்டோர்ஸ் பகுதியில் இருந்தேன். வந்த ஆட்களுக்கும் அதே கூச்சம் இருந்தது. இரண்டு பக்கமும் கூச்சம் என்றால் வியாபாரம் கெதியாக முடியும். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை விதானையார் வந்தார். எங்கள் கிராமத்தின் விதானையார். அரசாங்கத்தின் ஆளாக ஊரில் இருந்து, வதிவிடக் கடிதம், பங்கீட்டுக் கூப்பன், பிறப்பு இறப்பு எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைத்தவர். மகனைத் தேடி வந்த ஆமி இவரைக் கொண்டுபோய்ச் சிறை வைத்திருந்து விட்டபிறகு, ஐம்பத்துமூன்று வயதில் சுவிசுக்கு வந்து ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஊரில் அவருடைய பிடிவாதம் பிரசித்தம். ஆளைத் தன் கண்ணால் காணாமல் எந்தக் கடுதாசியிலும் கையெழுத்து வைக்க மாட்டார். அம்மை வந்து கிடந்த என்னை அப்பா துணியால் மூடிச் சைக்கிளில் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் விதானையார் கூப்பனில் என் பெயரைச் சேர்த்தார். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, உயிரோடுதான் இருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்.

அவர் உள்ளே வந்தபோது ஒரு சுவிஸ் அம்மாவின் குதிகால் என் கையில் இருந்தது. விதானையார் சப்பாத்து மை வைத்திருந்த தட்டின் பக்கம் திரும்பி, நான் முடிக்கும் வரை ஒவ்வொரு டின்னாக வாசித்தார். அவருக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. பிறகு வந்து, நாற்பத்திரண்டு என்றார். அவர் போட்டிருந்த தேவாலயச் சப்பாத்தில் அப்படி எழுதியிருந்தது. நான் ஒழுங்குப்படி ஒரு இலக்கம் குறைத்து நாற்பத்தொன்றை எடுத்துக் கொடுத்தேன். தட்டுக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். இறுக்குதோ என்று கேட்டேன். இல்லையாம். நோகுதோ என்று கேட்டேன். சிரித்தார். பஞ்சிலே நடக்கிற மாதிரி இருக்கு என்றார்.

அந்த வசனம் எனக்கு நன்றாகப் பிடித்துப்போனது. ஜெர்மனில் அதை எப்படிச் சொல்வது என்று கேட்டுப் பழகி, அந்த மாதம் முழுக்க வாடிக்கையாளர்களுக்குச் சொன்னேன். அதைச் சொல்லிப் பதினைந்து சோடியாவது விற்றிருப்பேன்.

ஐந்து கிழமை போனது. கிறிஸ்மசுக்கு, எங்கள் நத்தாருக்கு, முந்திய சனிக்கிழமை. சனியில் நாலு மணிக்குக் கடை பூட்ட வேண்டும், மூன்று மணிக்குக் கதவு வரை ஆட்கள் நின்றார்கள். முதலாளியம்மா ஒரு குடும்பத்தின் எட்டுக் கால்களுக்கு நடுவில் இருந்தார். விதானையார் சமையலறைக் கூட்டாளிகள் இரண்டு பேரோடு வந்தார். நொண்டவில்லை, ஆனால் வலது காலைக் கொஞ்சம் பிந்தி வைத்தார். தண்ணீர் பட்டுச் சப்பாத்துச் சுருங்கிப்போச்சு, கழற்றக் கஷ்டமாய்க் கிடக்கு, ஒரு இலக்கம் பெரிதாய்த் தா என்றார். அவரே கழற்றி, காலுக்கு மேல் சாரத்தால் மூடுவது போல ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தை என்னிடம் நீட்டினார்.

ஐந்து நிமிட வேலை. கீழே போய்ப் பெரிய இலக்கத்தை எடுத்துவந்து கொடுத்தால் அவர் சந்தோசமாகப் போயிருப்பார். பின்னால் நின்ற அம்மா ஏற்கனவே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் சப்பாத்துக்குள்ளே கையை விட்டுப் பார்த்தேன். விரல் பக்கம் மயிர் கட்டியாய் ஒட்டிப்போயிருந்தது. கையை எடுத்து முகர்ந்தேன். அது ஆட்டின் மணம் இல்லை.

“விதானையார், காலை ஒருக்காக் காட்டுங்கோ” என்றேன்.

“காலுக்கு ஒண்டுமில்லை. நீ அளவை மாத்தித் தா, காணும்.”

நான் முழங்காலில் இருந்தேன். அவர் காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டார். கூட்டாளிகளில் ஒருவர் எங்கள் பக்கத்து ஊர். விதானையார் அவரைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தி, “உன்ர அப்பரை எனக்குத் தெரியும். அவரின்ர பிள்ளை என்ர காலைப் பிடிச்சதெண்டு நாளைக்குக் கதை வரக்கூடாது” என்றார். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார். எனக்கும் அந்த மானத்தில் ஆசை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அரை நிமிடம் நான் படிக்கட்டைப் பார்த்தேன், கீழே போனால் எல்லாம் சுகமாக முடியும் என்று நினைத்தேன்.

“ஐயா, நீங்கள் ஆளைக் காணாமல் கையெழுத்து வைப்பீங்களோ?” என்று கேட்டேன்.

அவர் இழுத்த காலை முன்னுக்கு வைத்தார். பிறகு ஜக்கற்றை எடுத்தார்.

சின்ன விரலும் அதற்கு அடுத்த விரலும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. இரண்டும் மற்ற விரல்களுக்குக் கீழே மடிந்து கிடந்தன. அடிப்பாதத்தில் வாய் பிளந்த ஒரு புண், அதற்குள் செம்மறி மயிர். காலை மடியில் வைத்தேன். முன்பே என் கை பட்டிருந்தால் சொல்லியிருக்கும்: அது நாற்பத்துமூன்றாம் இலக்கக் கால், அகலமும் கூட. அதற்கு நான் நாற்பத்தொன்று கொடுத்திருந்தேன். பெருவிரலை நகத்தால் நல்லாக அழுத்தினேன். விதானையார் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே, “எப்ப பாக்கப் போறாய்?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நோகுதோ என்று நான் கேட்ட கேள்விக்கு அந்தக் காலிடம் பதிலே இருந்ததில்லை.

முதலாளியம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார், வரிசையில் நின்றவர்களிடம் பத்து நிமிடம் பொறுங்கள் என்றார், வாடகைக் காருக்கு ரெலிபோன் அடித்தார். பிறகு, விற்கும்போது பெட்டியில் இருந்து கிழித்துக் கடையில் வைத்திருக்கும் துண்டை எடுத்துப் பார்த்தார். விற்றவர் என்ற இடத்தில் என் எழுத்து இருந்தது. விற்கும்போது கை வைத்தாயா என்று கேட்டார். வைத்தேன், பிறகு வீங்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவருக்குக் கண்டுபிடிக்க வழி இல்லை, எனக்கு இந்த வேலையை விட்டால் மறுபடி கோப்பைதான். வைக்கவில்லை என்றேன். எங்கள் ஆட்களுக்கு வைப்பதில்லை என்றும் சொன்னேன். ஏன் என்றார். எங்கள் ஊர்ச் சாதி முறையை மூன்றரை மணிக்கு, நத்தார் நெரிசலில், இருநூறு ஜெர்மன் சொற்களில் விளங்கப்படுத்தினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“அப்படியென்றால் அவர்களிடம் நீ பாதி விலைதான் வாங்கியிருக்க வேண்டும்” என்றார். “பாதி வேலைதானே செய்திருக்கிறாய்.” பிறகு, அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போ, திங்கள் எட்டு மணிக்கு வா என்றார். திங்கள் வா என்றதால் வேலை இருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். அதைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. ஆனால் நான் விற்ற பெட்டிகளின் துண்டுகளைத் தேடி, எங்கள் ஆட்கள் என்று நான் சொன்ன பதினொரு பேரையும் கடைக்குக் கூப்பிட வைத்தார்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க நான்தான் நின்றேன். இளம் டொக்டர் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார், விதானையார் எதற்கும் தலையசைக்கவில்லை. இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்த்துவிட்டு டொக்டர் திரும்பவும் பார்க்கச் சொன்னார். எவ்வளவு காலமாகக் கால் இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“ஒரு மூண்டு வருசம் இருக்கும்” என்றார் விதானையார். “என்னத்தைப் போட்டாலும் பஞ்சிலை நடக்கிற மாதிரித்தான்.”

அதை நான் டொக்டருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஜெர்மன் வசனம் தேட வேண்டியிருக்கவில்லை, வாயில் ஆயத்தமாக இருந்தது. சொல்லிவிட்டு வெளியே போய் அழுதேன். நீங்கள் கடையில் அழக்கூடாது, ஆனால் ஆஸ்பத்திரி நடைபாதையில் அழலாம்.

சப்பாத்து மட்டும் காரணமில்லை, சலரோகம், அந்தச் சீனி வியாதி, பல வருடமாகக் கால் நரம்பைத் தின்றிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். ஆனால் மடிந்து கிடந்த இரண்டு விரலும் என்னுடைய பிழை. திங்கள் வந்திருந்தால் கணுக்காலைப் பற்றிக் கதைத்திருப்போம், இன்று இரண்டு விரலைப் பற்றிக் கதைக்கலாம் என்றார் டொக்டர். ஞாயிறு காலை இரண்டு விரலையும் எடுத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது விதானையார் யன்னல் பக்கம் திரும்பிக் கிடந்தார். மன்னிப்புக் கேட்டேன். சப்பாத்து நல்ல சப்பாத்துத்தான், சூடாய்த்தான் இருந்தது என்றார். நான் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன்.

கடைக்கு வரச் சொன்ன பதினொரு பேரில் நாலு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள், விதானையாரின் காலை நான் பிடித்த கதையைக் கேட்டு, தங்கள் காலையும் பிடித்துவிடுவேனோ என்று வேறு கடைக்குப் போனார்கள். அந்தக் கதை ஊருக்கும் போனது. அப்பாவின் அடுத்த கடிதத்தில் என் வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதற்கு முந்திய கடிதங்களில் ஸ்டோர்ஸ் எப்படி என்று கேட்பார்.

அடுத்த கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் அவ்வளவு ஆட்கள் இல்லாத பின்னேரம், விதானையார் வந்தார். பின்னாலே நாலு பேர், எல்லாரும் சமையலறைக்காரர், எல்லாரும் வேண்டாவெறுப்பாய். சுவிசுக்கு வந்த புதிதில் அகதி முகாம் வாசலில் நின்றபோதும் அவர்களுடைய முகம் இப்படித்தான் இருந்திருக்கும். விதானையார் நடுநாற்காலியில் இருந்தார். தானே சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். நான் முழங்காலில் இருக்க முன்னமே காலை நீட்டி என் மடியில் வைத்தார்.

“எண்ணிப் பார்” என்றார். “மூண்டு. ஆமி அஞ்சையும் விட்டவங்கள்.”

நான் குதிகால், மேற்பாதம், அகலம், மிச்ச விரல்கள் எல்லாம் பார்த்தேன். நேரமெடுத்தேன். புண் இல்லை. அவருக்குச் செம்மறித்தோல் இனிச் சரிவராது, வெட்டிய விரல்களின் இடத்தில் பஞ்சு வைத்த அகலச் சப்பாத்துத்தான் வேண்டும், அதுவும் மெல்லிய காலுறையோடு என்றேன். சரி என்றார். பிறகு பின்னாலே திரும்பி, ஊரில் அரசாங்கக் கச்சேரியில் வரிசையில் நின்றவர்களிடம் கதைத்த அதே குரலில், “கழட்டுங்கோ. ஒவ்வொரு ஆளாய் வந்து காலைக் குடுங்கோ, அவன் பார்க்கட்டும்” என்றார். ஒருவர் முணுமுணுத்தார். விதானையார் அவரைப் பார்த்தார், அவரும் குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

மூன்று பேருக்குச் செம்மறித்தோல் விற்றேன், முழு வேலையும் செய்து முழு விலைக்கு. நாலாவது ஆள் முப்பது வயதுக்காரர், நல்ல பகிடிக்காரர். அவருடைய பெருவிரலை நான் அழுத்தியபோது அவர் தன் முதலாளியைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கதை நிற்கவில்லை. நிமிர்ந்தேன். விதானையார் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய முகம் மாறிவிட்டது.

“தம்பி, கதை காணும். சொக்சைப் போடு” என்றார் அவரிடம். “உனக்கு இண்டைக்குச் சப்பாத்து இல்லை. எழும்பு, நான் ஆஸ்பத்திரி வழி காட்டுறன்.”